இடப்பக்கத்து ஆடு

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதன் மேல் ஆடு புலி ஆட்டத்துக்கான கோடுகள் இருந்தன. எப்போதோ ஆடு மேய்க்க வந்தவர்கள் செதுக்கியவை. கோடுகள் சந்திக்கிற இடமெல்லாம், காய் உருண்டுவிடாமல் நிற்க ஒரு சின்னக் குழி.

எட்டு நாளுக்கு ஒரு முறை, வெயில் தாழ்ந்ததும், நான்கு பேர் அங்கே வந்துவிடுவார்கள். முள்ளம்பன்றி முள்ளப்பர், முயல் தவிட்டி, கீரி சாம்பலன், ஆள்காட்டிக் குருவி செங்கண்ணி. பாறைச் சங்கம் என்று பெயர். காட்டில் மற்ற எல்லோருக்கும் இரை தேடவும் குட்டியை மேய்க்கவுமே பொழுது போதவில்லை. இந்த நான்கு பேருக்கு மட்டும் ஆட நேரம் கிடைத்தது. எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால் நால்வருக்குமே கோபம் வரும்.

ஆட்டம் எளிது. புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்குக் கடுக்காய், ஆட்டுக்குக் கூழாங்கல். பக்கத்தில் இருக்கும் ஆட்டைப் புலி தாண்டிக் குதித்தால் அந்த ஆடு வெட்டு. மூன்று புலியும் அசைய முடியாமல் ஆடுகள் சுற்றிக் கட்டிவிட்டால், ஆட்டுக்கு ஜெயம். தோற்றவர் காய்களை எல்லாம் பொறுக்கிக் குளத்தில் கழுவி, பாறை இடுக்கில் அடுக்கி வைக்க வேண்டும். இது முள்ளப்பர் போட்ட சட்டம். விளையாடுகிறவர்களில் பாதிப் பேர் அப்படியே போட்டுவிட்டுப் போகிற ஜாதி என்பது அவருக்குத் தெரியும்.

செங்கண்ணி எப்போதும் ஆடுதான் எடுப்பாள். முப்பத்தொரு ஆட்டமாகத் தோற்றதில்லை. அதனால் முப்பத்தொரு ஆட்டமாகக் காய் கழுவியதும் இல்லை.

"போங்கண்ணே, போய்க் கழுவுங்க," என்பாள் சாம்பலனிடம். "காயோட சேர்த்து அந்த நகத்து அழுக்கும் போகும்."

சாம்பலன் சிரித்துக்கொண்டே போவான். கீரிகளில் அவன் கொஞ்சம் சாது. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. வெட்டின ஆட்டை எடுத்தானானால் அப்படியே முதுகைத் திருப்பிப் பின்னங்கால் இடுக்கு வழியாகப் பின்னால் இருக்கும் குண்டுப் பாறையில் ஓங்கி அடிப்பான். கல் 'டக்' என்று தெறிக்கும். முட்டை உடைத்துத் தின்கிற வம்சம். யோசித்துச் செய்வதல்ல, உடம்பு தானாகச் செய்கிறது.

சங்கத்தில் சேர்ந்த அன்றைக்கே அவனிடம் முள்ளப்பர் சத்தியம் வாங்கிவிட்டார். சங்கத்தாரின் கூட்டிலும் வளையிலும் வாய் வைக்க மாட்டேன் என்று, குளத்துத் தண்ணீரைத் தொட்டுச் சொன்னான்.

செங்கண்ணி அதை நம்பவில்லை. "இந்த வருஷம் முட்டை இல்லையா தங்கச்சி?" என்று தவிட்டி கேட்டபோதுகூட, "அதுக்கெல்லாம் எங்கேக்கா நேரம்" என்று சொல்லிவிட்டாள். உண்மையில் சரளை மேட்டில் நான்கு முட்டைகள் இருந்தன. பொரிய ஒரு நாளோ இரண்டு நாளோதான் பாக்கி.

ஆள்காட்டிக்கு மரத்தில் கூடு கிடையாது. வெட்டவெளியில், சரளைக்கு நடுவில், சின்னப் பள்ளம் பறித்து முட்டை இடும். மண் நிறம், அதில் கறுப்புத் தீற்றல். கல்லோடு கல்லாகக் கிடக்கும். இரண்டடி தள்ளி நின்றால் செங்கண்ணிக்கே சட்டென்று தெரியாது. அதில் அவளுக்கு ஏகப் பெருமை.

அன்று சாயங்காலம் அவள் கணவன் நெட்டைக்காலன் முட்டைகளின் மேலிருந்து எழுந்தான். விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தவன். கால் மரத்துப்போயிருந்தது.

"ஒரு வாய் ஏதாவது தின்னுட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் எழுந்திரிக்காதே," என்றான்.

"எத்தனை தடவை சொல்லுவீங்க. போயிட்டு வாங்க."

அவன் கோரைப் புல்லுக்குப் பின்னால் மறையும் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள். முட்டை எங்கேயும் ஓடிவிடாது. பார்க்கிற கண்ணுக்கும் அகப்படாது. முப்பத்திரண்டாவது ஆட்டம் அப்படியில்லை. நேரத்துக்குப் போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்பான் சாம்பலன்.

பாறையில் முள்ளப்பரும் சாம்பலனும் காத்திருந்தார்கள். ஆடுகளைத்தான் காணோம். போன தடவை கழுவும்போது சாம்பலன் ஆட்டுக் கற்கள் அத்தனையையும் குளத்துக்குள் நழுவ விட்டிருந்தான்.

"வேணும்னேதானே விட்டீங்க," என்றாள் செங்கண்ணி.

"வழுக்கிடுச்சு தங்கச்சி. முப்பத்தொரு தடவை கழுவினா கல்லும் வழுக்கத்தானே செய்யும்."

"தவிட்டி பொறுக்கிட்டு வரப் போயிருக்கா," என்றார் முள்ளப்பர். "நீதானே போன வாரம் ஒரே அளவாக் கேட்டே."

கேட்டது உண்மைதான். மொட்டையும் கட்டையுமாக இருந்தால் அலகுக்குச் சரியாக வராது, உருட்ட வாகாக வழவழவென்று வேண்டும் என்று ஒரு மூச்சு கத்திவிட்டுப் போயிருந்தாள்.

சற்று நேரத்தில் தவிட்டி வந்தாள். தேக்கிலை ஒன்றின் காம்பைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இலை நிறையக் கற்கள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் செங்கண்ணி.

"நீ கேட்ட மாதிரி கிடைக்க வேணாமா? பதினொண்ணு கரையிலேயே கிடைச்சது. மிச்சத்துக்கு மேடு வரைக்கும் ஏறினேன். ஆனா பாரேன், ஒரே அச்சுல வார்த்த மாதிரி நாலு கிடைச்சது."

செங்கண்ணி பார்க்கவில்லை. அவள் கண் அப்போதே பாறையில் செதுக்கிய பலகையில் இருந்தது. மூலையில் ஒன்று, விளிம்பில் இரண்டு என்று மனதுக்குள் ஆடுகளை நிறுத்திக்கொண்டிருந்தாள். மேடு என்ற சொல் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. தவிட்டியைக் குறை சொல்லவும் முடியாது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற வம்சம். முட்டையை அவள் எங்கே பக்கத்தில் பார்த்தாள்?

ஆட்டம் தொடங்கியது. செங்கண்ணி ஒவ்வொரு ஆடாக அலகால் உருட்டிக் குழியில் இறக்கினாள். ஆடு வைத்து முடிவதற்குள் சாம்பலன் இரண்டை வெட்டிவிட்டான். இரண்டும் அவன் கால் இடுக்கு வழியாகப் போய்க் குண்டுப் பாறையில் மோதின. டக். டக்.

"ரெண்டு போனா என்ன," என்றாள் செங்கண்ணி. "உங்களுக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு கொடுத்தேன்."

பிறகு அவள் வேலையைக் காட்டினாள். ஒரு புலி உச்சியில் மாட்டியது. இன்னொன்று வலது விளிம்பில் மாட்டியது. மூன்றாவது மட்டும் நடுவில் நின்றது. தவிட்டி இரண்டு காதையும் நிமிர்த்திக்கொண்டு பார்த்தாள். முள்ளப்பர் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது.

நடுப்புலிக்கு இடப்பக்கம் ஓர் ஆட்டை நகர்த்தி வைத்தாள் செங்கண்ணி. குழியில் சரியாக உட்காரவில்லை. அலகால் லேசாக அழுத்தினாள்.

உள்ளே இருந்து யாரோ தட்டினார்கள்.

அவள் அலகை எடுக்கவில்லை. மறுபடியும் ஒரு தட்டல். மெல்லியது, அவசரமானது. அதன் பின்னால் நூலிழை மாதிரி ஒரு கீச்சுக் குரல். அலகின் நுனியில் அதிர்ந்ததால் அது அவளுக்கு மட்டும் கேட்டது.

அப்போதுதான் செங்கண்ணி ஆட்டை ஆடாக இல்லாமல் பார்த்தாள். மண் நிறம். கறுப்புத் தீற்றல். பலகை முழுக்கக் கண்ணை ஓட்டினாள். விளிம்பில் ஒன்று. உச்சிக்குக் கீழே இரண்டு. இது நான்காவது. நான்கும் பலகையில் இருந்தன. பாறையில் மோதிய இரண்டும் கல்லாகப் போனது யார் செய்த புண்ணியமோ. அவளுடையது அல்ல.

"என்ன தங்கச்சி, தூங்கிட்டியா?" என்றான் சாம்பலன். புலியை ஒரு கட்டம் பின்னால் இழுத்துக்கொண்டான். அப்போதும் அந்த ஆடு அதற்கு இடப்பக்கமே நின்றது. "உன் ஆட்டம்."

அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்ல யாரும் தேவையில்லை. 'தோத்துட்டேன்' என்று ஒரு வார்த்தை. தோற்றவர்தானே காய்களைப் பொறுக்க வேண்டும். பதின்மூன்று ஆடும் அவள் கைக்கு வந்துவிடும். கழுவுகிற சாக்கில் இலையோடு இழுத்துக்கொண்டு போய்விடலாம். கீரிக்கு எதுவும் தெரியப் போவதில்லை. சட்டமே அவளுக்காகப் போட்ட மாதிரி இருந்தது.

அலகைத் திறந்தாள். வார்த்தை தொண்டை வரை வந்தது.

"பயமா இருந்தா விட்டுடு," என்றான் சாம்பலன். "ஒரு தடவை நீயும் கழுவிப் பாரேன். தண்ணி நல்லாத்தான் இருக்கும்."

தவிட்டி சிரித்துவிட்டாள். முள்ளப்பர்கூடச் சிரித்தார். அவர் முட்கள் கலகலவென்று ஆடின.

செங்கண்ணி அலகை மூடிக்கொண்டாள்.

இரண்டே நகர்வு. அவ்வளவுதான் பாக்கி. முட்டை இப்போது எங்கே போகிறது? குழியில் பத்திரமாகத்தானே இருக்கிறது. ஜெயித்துவிட்டு, 'போனால் போகுது அண்ணே, இன்னைக்கு நானே கழுவுறேன்' என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டால் போயிற்று. முட்டையும் வந்துவிடும், முப்பத்திரண்டும் ஆகிவிடும். மனசுக்குள் கணக்குப் போடுகிறபோது எல்லாம் எவ்வளவு சுலபமாக ஒன்றோடொன்று பொருந்திவிடுகிறது!

புலிக்கு இரை காட்டி இழுப்பதுதான் அவளுடைய கைவந்த வித்தை. ஓர் ஆட்டுக்குப் பின்னால் இடத்தைக் காலியாக விடுவாள். புலி ஆசைப்பட்டுத் தாண்டும். தாண்டி விழுகிற இடத்தில் வழி இருக்காது. அப்புறம் ஒரு ஆட்டை நகர்த்தினால் கட்டு விழுந்துவிடும்.

இப்போது வலப்பக்கத்து ஆட்டுக்குப் பின்னால் திறந்தால் அந்த வித்தை பலிக்கும். அது வெறும் கல். ஆனால் அதைத் திறக்கக் கீழே இருக்கிற காயை எடுத்தால் இடப்பக்கமும் திறந்துகொள்ளும். இடப்பக்கத்தில் நிற்பது முட்டை.

யோசித்தாள். சாம்பலன் எப்போதும் வலப்பக்கம்தான் தாண்டுவான். முப்பத்தொரு ஆட்டத்தில் ஒரு தடவைகூட இடப்பக்கம் போனதில்லை. அவன் கை வலக்கை. அவன் புத்தியும் அதுதான்.

தூரத்தில், சரளை மேட்டுப் பக்கம், ஓர் ஆள்காட்டி கத்தியது. மறுபடியும் கத்தியது. விடாமல் கத்தியது.

"உன் வீட்டுக்காரர் மாதிரி இருக்கே," என்றாள் தவிட்டி.

"அவருக்கு எப்பவும் கத்தல்தான்," என்றாள் செங்கண்ணி. கீழே இருந்த காயை நகர்த்தினாள்.

வலப்பக்கமும் திறந்தது. இடப்பக்கமும் திறந்தது.

சாம்பலன் மூக்கைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். வலப்பக்கத்து ஆட்டைப் பார்த்தான். கையை நீட்டினான். செங்கண்ணி மூச்சை விட்டாள். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"முப்பத்தொரு தடவை அந்தப் பக்கம் போய்த்தான் மாட்டினேன்," என்றான். "கீரிக்கும் கொஞ்சம் மூளை இருக்கு தங்கச்சி. இன்னைக்கு இந்தப் பக்கம்."

கடுக்காயைத் தூக்கி இடப்பக்கம் தாண்டி வைத்தான். வெட்டின ஆட்டை எடுத்தான். முதுகைத் திருப்பினான்.

"வேணாம்!" என்று கத்தினாள் செங்கண்ணி.

அதற்குள் அவன் உடம்பு செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தது.

டக் என்ற சத்தம் வரவில்லை.

குண்டுப் பாறையில் ஈரம் வழிந்தது. ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவில் நனைந்த இறகுச் சுருள் ஒன்று. அதற்குக் கால்கள் இருந்தன. நீளமான கால்கள். ஒரு தடவை உதைத்துக்கொண்டன. பிறகு இல்லை.

"கல்லுக்குள்ள..." என்றாள் தவிட்டி.

முள்ளப்பரின் முட்கள் அத்தனையும் நிமிர்ந்தன. "சத்தியத்தை மீறிட்டியாடா?"

"ஐயா, கல்லுன்னுதான் எறிஞ்சேன்." என்றான் சாம்பலன். அவன் மூக்கு அந்த வாசனையைப் பிடித்துவிட்டது. எச்சில் ஊறியது. எல்லோரும் பார்க்க அவன் அதை விழுங்கினான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாய் வைக்கவில்லை. "என் குலத்து மேல ஆணை. எனக்குத் தெரியாது."

"நான்தான் எடுத்துட்டு வந்தேன்," என்று அழுதாள் தவிட்டி. "நான்தான்! மேட்டுல கிடந்துச்சு. முட்டைன்னு எனக்குத் தெரியலையே. யாரு வீட்டு முட்டையோ, எந்தத் தாய் தேடுறாளோ..."

அப்போதுதான் மூன்று பேரும் செங்கண்ணியைப் பார்த்தார்கள்.

அவள் பலகையின் மேல் நின்றிருந்தாள். ஒரு சிறகு விளிம்பில் இருந்த ஆட்டின் மேல். இன்னொரு சிறகு உச்சிக்குக் கீழே இருந்த இரண்டின் மேல். மற்ற கற்களை அவள் தொடவில்லை.

முள்ளப்பர் மெதுவாக நடந்து வந்தார். அவள் சிறகுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அந்த மூன்றும் ஒரே அச்சு. மண் நிறம், கறுப்புத் தீற்றல்.

"பன்னிரண்டு காயில இது மூணும்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அவள் சிறகை இன்னும் தாழ்த்தினாள்.

"இப்பத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லு. நம்புறேன்," என்றார் முள்ளப்பர். "நீ சொன்னா நம்புறேன்மா. சொல்லு."

செங்கண்ணி அலகைத் திறந்தாள். சொல்லியிருக்கலாம். ஆனால் சாம்பலன் அப்போது பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் புலி நின்ற இடத்தைப் பார்த்தான். அதைச் சுற்றிலும் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"இந்தப் பக்கம் வந்தும் மாட்டிக்கிட்டேன்," என்றான். "இன்னும் ஒரு நகர்வு. கட்டு விழுந்துடும். நான் எந்தப் பக்கம் தாண்டினாலும் ஜெயம் உனக்குத்தான்." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "தெரிஞ்சேதான் வெச்சியா?"

"நீங்க எப்பவும் வலப்பக்கம்தானே அண்ணே போவீங்க," என்றாள் செங்கண்ணி.

அவள் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான். அது காதில் விழுந்ததும் தவிட்டியின் அழுகை நின்றுவிட்டது. கீரி ஓர் அடி பின்வாங்கினான். பாம்புக்குப் பின்வாங்காதவன்.

நெட்டைக்காலன் அவள் பின்னால் நின்றிருந்தான். காலியான பள்ளத்தைப் பார்த்துவிட்டு, மேட்டிலிருந்து இலை இழுபட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறான். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது. காட்டிலேயே உரக்கக் கத்துகிற பறவை ஒரு சத்தமும் போடவில்லை. குண்டுப் பாறைக்குப் போனான். பார்த்தான். திரும்பி வந்தான்.

"மூணு இருக்கா?" என்று மட்டும் கேட்டான். அவளிடம் கேட்கவில்லை. முள்ளப்பரிடம் கேட்டான்.

"இருக்குப்பா."

"ஏன் எங்ககிட்ட சொல்லலை?" என்றான் சாம்பலன், அவளிடம். "முட்டைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேனே. என்னை நம்பலைன்னா போகட்டும். தோத்துட்டேன்னாவது சொல்லியிருக்கலாமே."



நெட்டைக்காலன் மூன்று முட்டைகளையும் ஒவ்வொன்றாக உருட்டித் தேக்கிலையில் ஏற்றினான். தவிட்டி காம்பைப் பல்லில் பிடித்துக்கொண்டாள். தனியாக இழுத்தால் இலை சாய்ந்தது. சாம்பலன் மறு ஓரத்துக்கு வந்து நின்று நெட்டைக்காலனைப் பார்த்தான். நெட்டைக்காலன் அவனையும் பார்த்தான், அவன் பல்லையும் பார்த்தான். பிறகு ஒதுங்கி வழி விட்டான். முட்டை தின்னும் கீரி, இலையின் ஓரத்தை நுனிப் பல்லால் கவ்விக்கொண்டு, ஒரு கல் தட்டாமல் அடிமேல் அடி வைத்து நடந்தான்.

செங்கண்ணியை வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பத்தடி பின்னால் அவளாகவே நடந்தாள். முன்னால் இலைக்குள் ஏதோ தட்டிக்கொண்டே போனது. எந்த முட்டை என்று அவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்குத் தெரியவில்லை.

முதலில் ஜெயித்துவிடுவோம், அப்புறம் காப்பாற்றிக்கொள்வோம் என்று எண்ணுகிறவர், காப்பாற்ற வேண்டியதையே காயாக வைத்து ஆடுகிறார்.